உன் கடை போர்டில் நான் எடுத்துவிட்ட வரி

பிரபு,

சாயங்கால ரயிலில் ஆம்பூரிலிருந்து வந்து இறங்கியதும் உன் அப்பா இதை உன் கையில் கொடுப்பார். முதலில் கை கால் கழுவிக்கொண்டு சாப்பிடு. பசியோடு படித்தால் உனக்குக் கோபம் இரண்டு மடங்காக வரும், அந்த விஷயத்தில் நீ அப்படியே என் பிள்ளை. சாப்பிட்டுவிட்டு, கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டு, அதற்கப்புறம் திட்டுவதென்றால் திட்டு. நான் அடுப்படியில்தான் இருப்பேன், எங்கேயும் ஓடிவிட மாட்டேன். இந்தக் கடிதத்தை வேறு யாராவது எடுத்துப் படித்தாலும் எனக்கு வெட்கமில்லை. பிள்ளை சின்னதாக ஒரு கடை போடுகிறான் என்று ராத்திரி பகல் பயப்படுகிற எந்த அம்மாவுக்கும் இது உபயோகப்படும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நீ திங்கட்கிழமை சரக்கு எடுக்க ஆம்பூருக்குப் போனாய். செவ்வாய்க்கிழமை நான் உன் போர்டில் கை வைத்தேன். நாளைக் காலை பள்ளிக்கரணையில் நீ திறக்கப்போகிற கடைக்கு 'இடது வலது' என்று பெயர் வைத்து, அதன் கீழே 'ரெண்டு காலும் வேற வேற அளவா? உள்ளே வாங்க' என்று ஒரே ஒரு வரி எழுதி, ஃப்ளெக்ஸ் கடையில் கொடுத்துவிட்டு, "வந்ததும் மாட்டச் சொல்லும்மா, அவ்ளோதான் உன் வேலை" என்று சொல்லிவிட்டுப் போனாய். அந்த வரியை நான் எடுக்கச் சொல்லிவிட்டேன். அந்த இடத்தில் 'ஃபேமிலி ஃபுட்வேர் ஷோரூம்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னேன். கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கை சும்மா இருக்காதே, 'ஆண்கள், பெண்கள், குழந்தைகள் காலணிகள், பைகள், குடைகள், ரெயின்கோட்' என்று அதையும் நிரப்பினேன். ஃப்ளெக்ஸ் கடைக்காரர், "சார்கிட்ட கேட்டுட்டீங்களாம்மா?" என்றார். "நான் அவனைப் பெத்தவ" என்றேன். தலையாட்டிவிட்டு மாற்றிக்கொடுத்தார். அன்று சாயங்காலமே போர்டு கடை நெற்றியில் ஏறிவிட்டது.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் யமுனா வீட்டுக்கு உங்கள் கல்யாணத்துக்குத் தேதி குறிக்கப் போனோமே, அன்று நீயும் அவளும் மாடியில் பேசிக்கொண்டிருந்தீர்கள். கீழே அவளுடைய அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கேசரித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டு மெதுவாக, "மாப்பிள்ளை ஐடி வேலைய விட்டுட்டு செருப்புக் கடை வைக்கிறாராமே. அதுவும் கால் சரியில்லாதவங்களுக்குன்னு கேள்விப்பட்டோம். தப்பா எடுத்துக்காதீங்க, தம்பிக்குக் கால்ல ஏதும் குறை இல்லையே?" என்று கேட்டார். தட்டைக் கீழே வைத்துவிட்டேன். நீ ஓடியாடித் திரிந்ததெல்லாம் கண்முன் வந்தது. அந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்து, ஆமாம், அப்படிப்பட்டவர்களுக்குத்தான் கடை, அதை என் பிள்ளை யோசித்துக் கண்டுபிடித்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாயிலிருந்து வந்தது, "அய்யோ, அதெல்லாம் இல்லீங்க. ஃபேமிலி ஷோரூம். எல்லா கம்பெனி செருப்பும் இருக்கும், பாருங்களேன்" என்பதுதான். "அப்ப திறப்பு விழாவுக்கு எல்லாரும் வந்துடறோம்" என்றார். சொன்ன பொய்க்கு ஏற்ற மாதிரி போர்டு வேண்டுமே, அதற்காகத்தான் போய் மாற்றினேன்.

இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். தாம்பரம் ஸ்டேஷனுக்கு மேற்கே நம் பத்தடிச் செருப்புக் கடையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கடைக்காரி வாயில் 'இல்லை' என்ற சொல் வரக் கூடாது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். யார் என்ன கேட்டாலும் 'நாளைக்கு வந்துரும்' என்பேன். சொன்ன வாய்க்கு மறுநாள் அதை வாங்கியும் வைப்பேன். ஒருத்தர் குடை கேட்டார், குடை மாட்டினேன். ஒருத்தர் ஸ்கூல் பை கேட்டார், பை மாட்டினேன். தண்ணீர் பாட்டில், பெல்ட், ஒரு வருஷம் ஹெல்மெட் கூட. இரண்டு தெரு தள்ளி ஏசி போட்ட பெரிய கடை வந்தபோது பயந்துபோய் பொம்மை வேறு வாங்கித் தொங்கவிட்டேன். உன் அப்பா ரயில்வே டியூட்டி முடிந்து வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, "செருப்பு எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார். நான் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆனால் ஒரு விஷயம் உன்னிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு நாள் மின்சார ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி காலில் என் கடைச் செருப்பு, நான்தான் முந்தின வாரம் மாட்டிவிட்டேன். பக்கத்தில் இருந்தவள், "நல்லா இருக்கே, எங்க வாங்கின?" என்று கேட்டாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள், "தாம்பரத்துல ஸ்டேஷன் கிட்ட ஏதோ ஒரு கடைல" என்றாள். அவ்வளவுதான். என்னை அவளுக்கு அடையாளம்கூடத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கடை வைத்து, வெயிலில் மழையில் ஷட்டரைத் தூக்கி இறக்கி, ஊருக்கு நான் ஏதோ ஒரு கடை. எல்லாம் விற்கிறவளிடம் எதைக் கேட்டு வருவது என்று யாருக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து வெங்காயம் நறுக்குகிற சாக்கில் கொஞ்ச நேரம் அழுதேன்.

இதெல்லாம் பட்ட பிறகும் நீ வந்து வழி காட்டியபோது நான் உன்னோடு மல்லுக்கு நின்றேன். டெய்சி டீச்சர் விஷயத்தில்தான் அது தொடங்கியது. சேலையூரிலிருந்து வருவார்கள், மேடவாக்கம் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப் போனது. வலது காலுக்கு ஆறாம் நம்பர், இடது காலுக்கு நாலாம் நம்பர். ஒவ்வொரு ஜூன் மாதமும் பள்ளி திறக்கும்போது வந்து, ஒரே மாடலில் ஆறில் ஒரு ஜோடி, நாலில் ஒரு ஜோடி வாங்குவார்கள். பதினோரு வருஷம் நான் அவர்களுக்கு அப்படித்தான் விற்றேன். உண்மையைச் சொல்கிறேன், ஜூன் வந்தால் இன்னும் டீச்சரைக் காணோமே என்று தேடுவேன். ஒரே ஆளுக்கு இரண்டு ஜோடி போகிறதே என்ற சந்தோஷம். வேறு எதையும் நான் யோசித்ததே இல்லை.

அந்தச் சனிக்கிழமை நீ லீவில் கடைக்கு வந்து உட்கார்ந்திருந்தாய். நான் இரண்டு பெட்டியையும் பையில் போடும்போது நீ, "மீதி ரெண்டு செருப்பை என்ன பண்ணுவீங்க டீச்சர்?" என்று கேட்டாய். டீச்சர் சிரித்துக்கொண்டே, "வீட்ல ஒரு மூட்டை கெடக்குதுப்பா. கால் படாத செருப்பு, தூக்கிப்போட மனசு வரல" என்றார்கள். எனக்குச் சுருக்கென்றது. பதினோரு வருஷத்தில் நான் அதைக் கேட்டதே இல்லை. நீ அவர்களோடு பஸ் ஏறிப் போய் அந்த மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தாய். நடுக்கூடத்தில் கொட்டிப் பரப்பினாய். எல்லாம் ஆறாம் நம்பர் இடது, நாலாம் நம்பர் வலது. "அம்மா, இதுக்கு நேர் எதிரா கால் இருக்கிற ஒருத்தங்க இந்தப் பக்கத்துல எங்கேயாவது இருப்பாங்கம்மா" என்றாய். பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். மூன்று மாதம் கழித்து வண்டலூரில் மெஸ் நடத்துகிற ஒரு அக்காவைக் கூட்டி வந்து நிறுத்தினாய். இடது ஆறு, வலது நாலு. அந்த அக்கா கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், எழுந்திருக்கவே இல்லை. அன்றைக்கு எனக்கு உன்மேல் எவ்வளவு பெருமை வந்தது என்று சொல்லியிருக்க வேண்டும். சோறு போடட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

அப்புறம் நீ ஓஎம்ஆர் ஐடி வேலையை விடப்போகிறேன் என்றாய். அன்று நான் பேசிய பேச்சை இப்போது நினைத்தாலும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. "படிச்ச படிப்புக்கு ஊரான் காலைப் புடிக்கப் போறியா?" என்று கேட்டேன். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "நீ இருபத்தாறு வருஷமா புடிக்கிறியேம்மா, அதுலதான நான் படிச்சேன்" என்றாய். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். பிரபு, அந்தப் பேச்சுக்கு என்னை மன்னித்துவிடு.

நம் கடையிலேயே நீ ஒரு மூலையில் இந்த வேறு வேறு அளவுச் செருப்பு விற்க ஆரம்பித்தபோது நடந்த சண்டையும் இருக்கிறது. விளக்கு வைத்த நேரம், ஒருவர் ஓடுகிற ஷூ கேட்டு வந்தார். நீ, "அது எங்ககிட்ட இல்ல சார், எதிர் வரிசைல மூணாவது கடைல நல்லா இருக்கும்" என்று அனுப்பி வைத்தாய். நான் கொதித்துவிட்டேன். "விளக்கு வச்ச நேரத்துல இல்லைங்கிறியே, கடை வெளங்குமா?" என்று கத்தினேன். நீ பாட்டுக்கு, உனக்குச் செருப்பு தைத்துக் கொடுக்கிற ஏழுமலை அண்ணனுக்கு அளவு எழுதிக்கொண்டிருந்தாய். பத்து நாள் கழித்து அதே மனிதர் தன் மாமியாரை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு வந்தார். சர்க்கரையில் ஒரு பாதம் வீங்கி எந்தச் செருப்பிலும் நுழையவில்லை. "அன்னைக்கு நீங்க இல்லைன்னு உண்மையச் சொன்னீங்க தம்பி. அப்ப சுவத்துல நீங்க ஒட்டியிருந்த இந்தப் பெரிய கால் சின்ன கால் படத்தைப் பார்த்தேன், ஞாபகம் இருந்துச்சு" என்றார். பல்லாவரத்திலிருந்து ஏழுமலை அண்ணன் வந்து அந்த அம்மாள் பாதத்தைக் காகிதத்தில் வரைந்துகொண்டு போனார். போகும்போது என்னிடம், "இன்னாக்கா உம்புள்ள, ஒரு காலு எட்டுன்றான், ஒரு காலு ஆறுன்றான், பேஜாரா கீது. ஆனா ஒண்ணு, நான் தச்ச செருப்பை யாரு போட்டுகினு போறாங்கன்னு இப்பதான் எனக்கே தெரியுது" என்றார். இத்தனையும் என் கண்முன்னால் நடந்தது. இருந்தும் ஒரு தட்டுக் கேசரிக்கு முன்னால் எல்லாம் மறந்துபோனது.

இப்போது நேற்று நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் ஆறு மணி இருக்கும், டீச்சர் போன் செய்தார்கள். நாளை வரைக்கும் பொறுக்க முடியாமல், பள்ளிக்கூடம் விட்டதும் பஸ் ஏறி உன் கடையைப் பார்க்கப் போயிருக்கிறார்கள். "அக்கா, தம்பி கடைய மாத்திட்டாரா?" என்று கேட்டார்கள். "ரெண்டு தடவை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்து பார்த்தேன். பேரு சரியா இருக்கு, ஆனா ஃபேமிலி ஷோரூம்னு போட்டிருக்கு. ஃபேமிலி ஷோரூம்னா உள்ள போயி உக்காந்து, எனக்கு ஒரு கால் இப்படின்னு நான்தான சொல்லணும்? இத்தனை வருஷமா ஒவ்வொரு கடையிலயும் அதத்தானக்கா சொல்லிட்டிருக்கேன். தம்பி கடைல அது இருக்காதுன்னு நெனச்சேன். நாளன்னிக்குத் திறப்பு விழாவுக்கு வரணுமான்னு யோசனையா இருக்கு, அதான் உங்களக் கேக்கலாம்னு..." என்றார்கள். அந்தக் காலோடு அந்த ரோட்டில் இரண்டு தடவை நடந்திருக்கிறார்கள். யார் மாற்றினார்கள் என்று அவர்களுக்குத் தெரியாது. நான்தான் என்று சொன்னேன்.

நீ எத்தனையோ தடவை சொல்லியும் எனக்குப் புரியாதது அந்த ஒரு போனில் புரிந்தது. போர்டு என்பது நாம் என்ன விற்கிறோம் என்று ஊருக்குச் சொல்வதற்கு என்று நினைத்திருந்தேன். உன் போர்டு அவர்களுக்காக முந்திக்கொண்டு பேசுகிறது, உள்ளே வந்து அவர்கள் எதையும் விளக்க வேண்டாம். ஊரெல்லாம் நம் கடைக்கு வர வேண்டும் என்று ஆசைப்பட்டு, யாருக்காகக் கடையோ அவர்களையே நான் வாசலில் திருப்பி அனுப்பிவிட்டேன். நாளைக்கு உன்னிடம் வேறு யாராவது வந்து இதையும் சேர், அதையும் வை என்பார்கள். வாடகை கொடுக்க வேண்டிய வாரத்தில் உனக்கே பயம் வரும், குடை நாலு வாங்கி மாட்டலாமா என்று தோன்றும். அப்போது என்னிடம் வந்து பேசு. நான் அதே பயத்தில்தான் இருபத்தாறு வருஷம் கடை நடத்தினேன், அது எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

போனை வைத்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு ஃப்ளெக்ஸ் கடைக்கு ஓடினேன். பழைய டிசைனையே போடச் சொன்னேன். அவர் சிரித்த மாதிரி இருந்தது. அங்கிருந்து நேராக ரயில் ஏறி குரோம்பேட்டைக்குப் போனேன். உன் அப்பா கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன். வாய் செய்த தப்பை அந்த வாய்தான் போய்ச் சரிசெய்ய வேண்டும். யமுனாவின் அப்பா, அம்மா, அத்தை மூன்று பேரையும் உட்காரவைத்துச் சொன்னேன். "ஷோரூம் எல்லாம் கிடையாதுங்க. செருப்புக் கடைதான். கால் ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா இருக்கிறவங்களுக்குத்தான். என் பையனுக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதை அன்னைக்கு உங்ககிட்ட சொல்ல நான் வெக்கப்பட்டேன் பாருங்க, அதுதான் குறை" என்றேன். இதனால் உன் கல்யாணம் நின்றுவிட்டால் உன் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றுதான் உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை சுவரில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். யமுனாவின் அம்மா எழுந்து காபி போடப் போய்விட்டார்.

உள் அறையிலிருந்து யமுனா வந்தாள். நான் செய்த காரியத்தை அவளிடமும் சொன்னேன். அவளுக்கு முகம் வாடிவிட்டது. "அத்தை, அந்த வரிய எழுதினதே நான்தான்" என்று என்னிடம் சொன்னாள். "அவரு ஒரு பக்கம் நிறைய எழுதி வச்சிருந்தாரு. போர்டை யாரு நின்னு படிப்பாங்கன்னு நான்தான் எல்லாத்தையும் எடுத்துட்டு அத மட்டும் விட்டேன். அவர் உங்ககிட்ட சொல்லலையா?" நீ ஏன்டா சொல்லவில்லை? அவள் வீட்டுக்காரர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்து, அந்த வீட்டுப் பெண் எழுதிய வரியையே நான் எடுத்திருக்கிறேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துவிட்டது. அவள் அப்பா, "எங்ககிட்டயும்தான் சொல்லல" என்று அவளைப் பார்த்தார், ஆனால் கோபமாக இல்லை. கல்யாணத் தேதியில் மாற்றமில்லை. அத்தை முகம் மட்டும் இன்னும் சரியாகவில்லை. அதை நீயும் யமுனாவும் பார்த்துக்கொள்ளுங்கள், என்னால் ஆனதை நான் செய்துவிட்டேன்.

இன்று காலை ஏழரை மணிக்கெல்லாம் போர்டை மாற்றி மாட்டியாகிவிட்டது. நான் ஆட்டோ வைத்து சேலையூர் போய் டீச்சரை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கரணைக்குக் கூட்டிப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆட்டோவிலிருந்து இறங்கி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்கள். ஒரு வரிதான், ஆனால் ரொம்ப நேரம் படித்தார்கள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "உள்ள போலாமாக்கா?" என்றார்கள். ஷட்டர் சாவியை நீ ஆம்பூருக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். பூட்டிய கடைக்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.

நாளை ஒன்பது மணிக்கு மேல் நல்ல நேரம், ஐயரும் சம்பந்தி வீட்டாரும் அதற்குத்தான் வருவார்கள். எட்டரைக்கே வந்துவிடுங்கள், கடை திறந்திருக்கும் என்று டீச்சரிடம் நான் சொல்லிவிட்டேன். நல்ல நேரத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ சீக்கிரம் எழுந்து போய் அவர்களுக்குக் கதவைத் திற.

அம்மா